உப்பளத்து உமரிக்கீரை அடுத்த ‘சூப்பர் ஃபுட்’ ஆகுமா? காட்டு ரோஜாவை வைத்து ஒரு விளக்கம்

ரோஸ்ஹிப் சீரம், ரோஸ்ஹிப் டீ, ரோஸ்ஹிப் பவுடர். ஷாப்பிங் ஆப் எதைத் திறந்தாலும் காட்டு ரோஜாவின் காய்க்கு இப்போது தனி மவுசு. “ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது” என்ற வரி கிட்டத்தட்ட எல்லா பாட்டிலிலும் இருக்கும்.

இன்னொரு பக்கம், சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரி போகும் வழியில் மரக்காணம் உப்பளங்கள் வருகின்றன. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைப் பலரும் போட்டோ எடுப்பார்கள். வரப்போரமாகப் பச்சையும் சிவப்புமாக வளர்ந்து கிடக்கும் செடியை யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் பெயர் உமரி. ரோஸ்ஹிப் பாட்டிலில் அச்சடித்திருக்கும் அதே சொற்கள், அதாவது பாலிஃபீனால், ஃபிளேவனாய்டு, கரோட்டினாய்டு எல்லாம் உமரி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளிலும் வருகின்றன.

அப்படின்னா உமரியும் ஒரு சூப்பர் ஃபுட்டா? தாராளமாகச் சாப்பிடலாமா? பிபி இருக்கிறவங்க என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காட்டு ரோஜாவில் அப்படி என்னதான் இருக்கு?

பூ உதிர்ந்த பிறகு ரோஜாச் செடியில் உருண்டையாக, சிவப்பாக நிற்கும் காய்தான் ரோஸ்ஹிப். நாம் வீட்டில் வளர்க்கும் பல இதழ் ரோஜாக்களில் இது சரியாகப் பிடிக்காது. ஐந்தே இதழ் கொண்ட காட்டு ரோஜாக்களில் நன்றாகக் காய்க்கும்.

இதன் பெரிய சொத்து வைட்டமின் சி. 100 கிராம் காட்டு ரோஸ்ஹிப்பில் சுமார் 426 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவு சொல்கிறது. அதே அளவு ஆரஞ்சில் இருப்பது சுமார் 50 மில்லிகிராம். காயின் சிவப்பு நிறத்துக்குக் காரணம் கரோட்டினாய்டுகள். தக்காளிக்கு நிறம் கொடுக்கும் லைகோபீனும் அதில் அடக்கம். இதழ்களில் ஆந்தோசயனின் என்ற நிறமியும், டேனின் என்ற துவர்ப்புப் பொருளும், குவெர்செடின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் இருக்கின்றன.

இது வெறும் விளம்பரக் கதை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வழிமறித்ததால் பிரிட்டனுக்கு ஆரஞ்சு வருவது குறைந்துபோனது. 1941 முதல் பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் குழுக்களும் வேலியோரக் காட்டு ரோஜாக் காய்களைப் பறித்துக் கொடுக்க, அரசு அதைச் சிரப்பாகக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கிடைக்கச் செய்தது. வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி வரும், கொடுத்தால் குணமாகும். காரணமும் பலனும் இவ்வளவு தெளிவாக நிரூபணமான தாவரப் பொருட்கள் மிகக் குறைவு.

ஆனால் இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வைட்டமின் சி தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் விதையிலிருந்து பிழிந்த ரோஸ்ஹிப் எண்ணெயில் அது இருப்பதில்லை என்றே சொல்லலாம். எண்ணெயில் இருப்பவை கொழுப்பு அமிலங்களும் கொஞ்சம் கரோட்டினாய்டுகளும். “காயில் இருக்கு” என்பதற்கும் “பாட்டிலில் இருக்கு” என்பதற்கும் இடையே இவ்வளவு தூரம்.

மூட்டு வலிக்கு ரோஸ்ஹிப் பவுடர் உதவுமா என்று மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். மூன்று சோதனைகளைச் சேர்த்து 2008-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில் இருந்தவர்கள் மொத்தம் 287 பேர். வலி ஓரளவு குறைந்தது என்பது முடிவு. இவ்வளவு பெரிய சந்தைக்குப் பின்னால் இருக்கும் மனித ஆதாரத்தின் அளவு இது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். உமரிக்கு வரும்போது தேவைப்படும்.

நம்ம ஊரில் காட்டு ரோஜா இருக்கா?

இருக்கு, ஆனால் மலையில். நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காட்டு ஓரங்களில் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு காட்டு ரோஜாக் கொடி வளர்கிறது. அதன் அறிவியல் பெயர் ரோசா லெஷனால்டியானா. 1816-இல் புதுச்சேரிக்கு வந்து, பிரெஞ்சு அரசுக்காகத் தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்த லெஷனால்ட் என்ற தாவரவியலாளரின் பெயர் அது.

அவர் தங்கியிருந்த புதுச்சேரியிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மரக்காணம் வந்துவிடும். ஆனால் அந்த ரோஜாவை இங்கே நட்டால் பிழைக்காது. உப்பு கலந்த மண்ணில் ரோஜாவின் வேர் தண்ணீர் எடுக்க முடியாது. இலை ஓரம் கருகி, செடி காய்ந்துவிடும். இந்த மண்ணுக்கு உரியவை வேறு செடிகள்.

உமரி என்றால் எந்தச் செடி?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் பரந்திருக்கின்றன. பக்கத்திலேயே கழுவெளி ஏரி. எடையந்திட்டு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொடர்புள்ள, நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் சதுப்பு நிலம் அது. இப்படிப்பட்ட கடலோர உவர் நிலங்களில் மூன்று வகைச் செடிகளை முக்கியமாகச் சொல்லலாம்.

முதலாவது உமரி. சிலர் உமிரி என்பார்கள். அறிவியல் பெயர் சுவேடா மாரிட்டிமா. ஓரிரு அடி உயரம் வளரும். இலைகள் மெல்லிய குச்சி போல உருண்டு, சதைப்பற்றோடு இருக்கும். வெயிலும் உப்பும் ஏற ஏறச் செடி சிவக்கும்.

இரண்டாவது வங்காரவச்சி. அறிவியல் பெயர் செசுவியம் போர்ச்சுலகாஸ்ட்ரம். தரையோடு படரும், தடித்த இலை, இளஞ்சிவப்பில் நட்சத்திரம் போன்ற சின்னப் பூ.

மூன்றாவது சாலிகோர்னியா. இலையே இல்லாதது போல, கணுக்கணுவாகப் பச்சைத் தண்டு மட்டும் நிற்கும். பிச்சாவரம், வேதாரண்யம் பக்கம் பார்க்கலாம். இதையும் உமரி என்றே அழைக்கும் ஊர்கள் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், பெயரை மட்டும் நம்பிச் செடியை முடிவு செய்யக் கூடாது.

உமரியும் வங்காரவச்சியும் கடலோர மக்கள் சமைத்துச் சாப்பிட்டு வந்த கீரைகள். பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது உமரி. ஐரோப்பாவில் இதே கதை வேறு மாதிரி முடிந்திருக்கிறது. அங்கே கடலோர ஏழைகள் பறித்துத் தின்ற சாலிகோர்னியா இன்று பெரிய ரெஸ்டாரண்டுகளில் மீனுக்குப் பக்கத்தில் பரிமாறப்படுகிறது. கொரியாவில் அதைக் காயவைத்துப் பொடியாக விற்கிறார்கள்.

உப்பில் எப்படி உயிரோடு இருக்கு?

நன்மை தரும் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கான விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பளப் பாத்திகளில் வெயிலில் வற்ற வற்ற அது பல மடங்கு ஏறும். சாதாரணச் செடி இந்த மண்ணில் நின்றால், வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழந்துவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருவது போலத்தான்.

உமரி இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுகிறது. வெளியே இருப்பதைவிட அதிக உப்பைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அப்போதுதான் தண்ணீர் உள்ளே வரும். ஆனால் உப்பு செல்லின் வேலையைக் கெடுக்கும் இல்லையா? அதற்காக, ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் அதை அடைத்துப் பூட்டிவிடுகிறது. இலை தடித்துச் சதைப்பற்றாக இருப்பது இதனால்தான். பூட்டுக்கு வெளியே இருக்கும் பகுதியைச் சமன் செய்ய, கிளைசின் பீட்டைன், புரோலின் போன்ற பொருட்களைத் தயாரிக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கொளுத்தும் வெயிலும் உப்பும் சேரும்போது ஒளிச்சேர்க்கை தடுமாறி, செல்லுக்குள் கட்டுக்கடங்காத ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்று பியூட்டி விளம்பரங்களில் கேட்கிறோமே, அந்த வகைதான். அவற்றை அடக்கச் செடி தயாரிக்கும் ஆயுதங்கள்தான் பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், கரோட்டினாய்டுகள். கூடவே சில நொதிகளும் உண்டு.

சிவப்பு நிறம்கூட ஒரு சுவாரசியமான கதை. ரோஜா இதழின் சிவப்பு ஆந்தோசயனின். உமரியின் சிவப்பு அது இல்லை. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாசயனின் வகை. பீட்ரூட்டும் பாலக்கும் முளைக்கீரையும் உமரியும் தாவரவியல்படி ஒரே குடும்பம். ஒரு செடி ஆந்தோசயனின் தயாரித்தால் பீட்டாசயனின் தயாரிக்காது. இது இருந்தால் அது இருக்காது. நிறமி வேறு, ஆனால் வெயிலின் சேதத்தைத் தாங்க உதவும் வேலையை இரண்டும் செய்கின்றன.

ஆக, ரோஜாவும் சரி, உமரியும் சரி, இந்தப் பொருட்களை நமக்காகத் தயாரிக்கவில்லை. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரிக்கின்றன. “இந்தச் செடியில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம்” என்ற வாக்கியம் முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறது, உங்கள் உடம்பைப் பற்றி அல்ல.

அப்போ ஆய்வுகள் சொல்வது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அவை எதை அளந்தன என்று பார்க்கணும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் வழக்கமாக இலையைக் காயவைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். ஊதா நிறமான ஒரு ரசாயனத்தில் அதை விடுவார்கள். ஊதா எவ்வளவு வேகமாக மங்குகிறதோ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன். சோதனை சரியானதுதான். ஆனால் அது குடுவையில் நடக்கிறது. நாம் சாப்பிட்டால் அந்தப் பொருட்கள் வயிற்று அமிலத்தைத் தாண்டணும், குடல் உறிஞ்சணும், கல்லீரல் உடைக்காமல் விடணும். பாலிஃபீனால்களில் பெரும்பகுதி அப்படியே ரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

இந்தக் குழப்பம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை எண்ணாகப் போட்டு, அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அந்த எண்களை லேபிளில் போட்டு விற்கத் தொடங்கின. குடுவையில் கிடைக்கும் அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சொல்லி, 2012-இல் துறையே பட்டியலை எடுத்துவிட்டது.

உமரி, வங்காரவச்சி ஆய்வுகளில் பெரும்பாலானவை குடுவையிலோ எலிகளிடமோ நடந்தவை. ரோஸ்ஹிப்புக்கு இருக்கும் அந்த 287 பேர் அளவுக்குக்கூட இவற்றுக்கு ஆதாரம் சேரவில்லை. எனவே “சர்க்கரையைக் குணப்படுத்தும்”, “புற்றுநோயைத் தடுக்கும்” என்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதை ஃபார்வர்டு செய்யாமல் விடுவதே நல்லது.

ஜிம் பவுடருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

வங்காரவச்சியில் ஒரு வித்தியாசமான பொருள் இருப்பதை 1971-லேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதன் பெயர் எக்டிஸ்டெரோன். பூச்சிகள் தோலுரிப்பதற்குத் தூண்டும் ஹார்மோனும் இதேதான். சில செடிகள் இதைத் தயாரிப்பது, தன்னைத் தின்ன வரும் பூச்சியின் வளர்ச்சியைக் குழப்புவதற்காக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

பட்டுப்புழு வளர்ப்பில் இதற்கு நல்ல பயன் உண்டு. செடியிலிருந்து எடுத்த இந்த வகைப் பொருளைத் தெளித்தால் புழுக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கூடு கட்டத் தயாராகும். விவசாயிக்கு வேலை மிச்சம்.

இதே எக்டிஸ்டெரோன் “நேச்சுரல் அனபாலிக்” என்ற பெயரில் ஜிம் சப்ளிமென்ட்டாகவும் விற்கிறது. 2019-இல் ஜெர்மனியில் 46 இளம் ஆண்களிடம் 10 வாரம் நடத்திய ஆய்வில், இதை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தசை கூடியதாக முடிவு வந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2020-இல் இதைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆய்வுக் குழு சப்ளிமென்ட்டைச் சோதித்தபோது, லேபிளில் போட்டிருந்ததைவிட மிகக் குறைவான அளவே உள்ளே இருந்தது. ஒரே ஒரு சின்ன ஆய்வு, நம்ப முடியாத லேபிள். கையில் இருப்பது இவ்வளவுதான். வங்காரவச்சிப் பொரியல் சாப்பிட்டால் பைசெப்ஸ் வராது.

உண்மையான கேள்வி: உப்பு எவ்வளவு?

உமரி விஷயத்தில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது அதன் உப்பைப் பற்றித்தான்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உவர் மண்ணைச் சீர்செய்ய எந்தச் செடி உதவும் என்று சோதித்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 4 மாதத்தில் ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து உமரி 504 கிலோ சோடியம் குளோரைடையும், வங்காரவச்சி 474 கிலோவையும் எடுத்துவிட முடியும் என்பது அவர்கள் கணக்கு. சோடியம் குளோரைடு என்றால் வேறொன்றும் இல்லை, சமையல் உப்புதான். ஒரு ஹெக்டேருக்கு 50 கிலோ மூட்டைகளில் பத்து.

அந்த உப்பெல்லாம் எங்கே போச்சு? செடிக்குள்ளே. இலையிலும் தண்டிலும்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். செடியின் சாறு கடல் நீர் அளவுக்கு உப்பாக இருந்தால்கூட, 100 கிராம் பச்சைக் கீரையில் 3 கிராமுக்குக் குறையாமல் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவருக்குச் சொல்லும் உச்சவரம்பு 5 கிராம் உப்புக்கும் கீழே. சாம்பார், ஊறுகாய், சிப்ஸ், அப்பளம் வழியாக நம்மில் பெரும்பாலோர் அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டோம். அதற்கு மேல் ஒரு கிண்ணம் உமரிக்கீரை.

அதனால்தான் இந்தக் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைப்பது முக்கியமாகிறது. வடிக்கும்போது உப்பில் ஒரு நல்ல பங்கு போய்விடும். கீரையில் இருக்கும் ஆக்சலேட்டிலும் கரையும் பகுதி வெளியேறும். பாலக், முளைக்கீரை குடும்பம் என்றோமே, ஆக்சலேட் அந்தக் குடும்பச் சொத்து. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஆனால் ஒரு சிக்கல். வடித்த தண்ணீரோடு வைட்டமின் சி-யும், தண்ணீரில் கரையும் பீட்டாசயனினும் சேர்ந்தே போகும். அப்படியே சாப்பிட்டால் உப்பு அதிகம். வடித்தால் விளம்பரம் சொல்லும் பொருட்கள் குறைவு. உமரியைச் சூப்பர் ஃபுட் என்று விற்க நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகணும்.

வைட்டமின் சி-க்காக உமரியையோ இறக்குமதி ரோஸ்ஹிப்பையோ தேட வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. தெருவோர வண்டியில் கிடைக்கும் கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் ஆரஞ்சைவிடப் பல மடங்கு இருக்கிறது.

செடியிலிருந்தே உப்பு எடுத்தால்?

இந்த யோசனையை வேறு திசையில் எடுத்துப் போனவர்கள் குஜராத்தில் இருக்கிறார்கள். பாவ்நகரில் 1954-இல் தொடங்கப்பட்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், சாலிகோர்னியாவைக் கடல் நீரிலேயே பயிர் செய்து, அதிலிருந்து ‘தாவர உப்பு’ தயாரிக்கும் முறையை உருவாக்கியது. சோடியத்தோடு பொட்டாசியம் போன்ற தாதுக்களும் அதில் இருக்கும்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கூடுதல் பொட்டாசியம் இதயத் துடிப்பையே பாதிக்கலாம். சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட பரிந்துரையும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்குப் பொருந்தாது. அடுத்தது அயோடின். 2006 முதல் நேரடி உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். ‘இயற்கை உப்பு’ என்று மாறுகிறவர்கள் அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பாக்கெட்டைப் பார்த்து வாங்கணும்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு இது என்ன சொல்கிறது?

இந்தச் செடிக்கு மிக அருகில் வாழ்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் உடம்பின் நிலை வேறு.

தமிழ்நாட்டில் 7 உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களை 2017 முதல் 2020 வரை ஆய்வு செய்தார்கள். கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. நாள் முழுக்க வெயிலில் நின்று, போதிய தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை வசதி இல்லாமல் உழைக்கும் உடம்பு அது. அப்படிப்பட்டவர்களுக்கு உப்பும் பொட்டாசியமும் ஆக்சலேட்டும் சேர்ந்த ஒரு கீரையை ‘மருந்து’ என்று சிபாரிசு செய்வது ஆபத்து. அவர்களுக்கு முதலில் தேவை நிழல், குடிநீர், ஓய்வு நேரம், சிறுநீரகப் பரிசோதனை.

வருமானம் பற்றிய கேள்வி தனி. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்தியில் மழைநீர் நிற்கும், உற்பத்தி நின்றுவிடும். அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பம் அதை வைத்து என்ன செய்ய முடியும்?

உமரிக்கு இந்தக் காலம் நேரெதிர். மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிய பிறகுதான் அதன் விதைகள் நன்றாக முளைக்கும். உப்பு ஓயும் காலத்தில் கீரை தளிர்க்கும். சோதித்து, உப்பின் அளவை அச்சிட்டு, கூட்டுறவு மூலம் விற்கும் கீரையாக அதை மாற்ற முடிந்தால் ஒரு துணை வருமானம் கிடைக்கலாம். நாளை ஒரு கம்பெனி உமரியிலிருந்து கேப்ஸ்யூல் தயாரித்தால், அதன் லாபத்தில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டா? 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம் பலன் பகிர்வு என்ற ஏற்பாட்டை இதற்காகவே வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது.

நிரூபணமான பலன் எது?

ஆதாரத்தின் வலுவை வைத்துப் பார்த்தால், இந்தச் செடிகளின் பெரிய பலன் நம் தட்டில் இல்லை, மண்ணில் இருக்கிறது. உவர் நிலத்திலிருந்து உப்பை இழுக்கின்றன. அலை அரிக்கும் கரையை வேரால் பிடித்து வைக்கின்றன. கடல் மட்டம் உயர்ந்து வயல்களில் உப்பு ஏறும் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

செடியின் தற்காப்பு வேதியியலும் நேரடியாகப் பயன்பட்டிருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், அவிசென்னியா மரினா என்ற அலையாத்தி மரத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிக்கான மரபணுவை நெல்லுக்கு மாற்றி, உப்பைத் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். வேதாரண்யத்தில் உவர் நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டத்தையும் அந்த நிறுவனம் அமைத்திருக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செடியின் பாதுகாப்பு என்று மேலே பார்த்தோம். அந்தப் பாதுகாப்பை இன்னொரு செடிக்குக் கொடுப்பது நேரடியான வழி.

சரி, சாப்பிடலாமா கூடாதா?

சாப்பிடலாம். கீரையாக, எப்போதாவது, அளவோடு. இந்த விஷயங்களை மட்டும் மனசில் வையுங்கள்:

• நன்றாக அடையாளம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் சொன்னால் மட்டுமே பறியுங்கள். சதைப்பற்றாக இருப்பதெல்லாம் உமரி இல்லை.

• இளந்தளிரை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். பருப்போடு கூட்டாகச் செய்யுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

• இறால் பண்ணைக் கழிவுநீர் ஓடும் இடம், தொழிற்சாலை ஓரம், நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். இந்தச் செடிகள் உப்பை மட்டும் இழுப்பதில்லை, கன உலோகங்களையும் சேர்த்து வைக்கும்.

• ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

• பொடி, கேப்ஸ்யூல், ஜூஸ் வடிவில் வாங்க வேண்டாம். வடிகட்டாத உப்பு மொத்தமும் அதில் இருக்கலாம்.

• கழுவெளி பறவைகள் சரணாலயத்துக்குள் செடி பறிக்காதீர்கள். 2021-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த 5,151 ஹெக்டேர் நிலம் அது. வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

ரோஸ்ஹிப் பாட்டிலை ஏற்கெனவே கார்ட்டில் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் லேபிளில் “ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது” என்று பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பொருள் காயில் இருக்கா, இந்த பாட்டிலில் இருக்கா? குடுவையில் சோதித்தார்களா, மனிதர்களிடமா? கூடவே வேறு என்ன உள்ளே வருது? உமரிக்கு அந்தக் கடைசிக் கேள்வியின் பதில் உப்பு. மற்றவற்றுக்கு லேபிளைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் தெரியும்.